லிஃப்ட் இல்லாத ஊர்

தூசி தட்டப் போனவர் மூளையைப் பிடுங்கிவிட்டார்.

லிஃப்ட்காரருக்கு அன்று விடுமுறை. மனைவிக்கு டூட்டி. அவள் கிளம்பிப் போனதும், வீட்டில் சும்மா இருக்க முடியாத அந்த வியாதி அவருக்கு வந்துவிட்டது. கொஞ்ச நாளாகவே அவளுடைய கம்ப்யூட்டர் போடுகிற சத்தம் அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது. போட்ட சற்று நேரத்திலேயே உள்ளே இருக்கும் விசிறி பேய் பிடித்தது மாதிரி சுழலும். பாதி ஆயுளை லிஃப்ட் மெஷின் ரூம்களில் கழித்தவருக்கு இது தெரியாதா? உள்ளே தூசி, அதனால் சூடு. அவள் வருவதற்குள் சுத்தம் செய்து வைத்துவிட்டால் சாயங்காலம் ஒரு சிரிப்பாவது தேறும் என்று கணக்குப் போட்டார்.

பக்கத்துத் தகட்டைக் கழற்றினார். வேலையிடத்திலிருந்து கொண்டுவந்த ஊதுபத்தியால் – அவர் ப்ளோயரை அப்படித்தான் சொல்வார், ரொம்ப நாளாக யாரும் சிரிக்காத ஜோக் – ஊதினார். தூசி கிளம்பி ஹாலில் காயப்போட்டிருந்த துணியில் உட்கார்ந்தது. போகட்டும். விசிறிக்குக் கீழே இன்னும் அடைத்துக்கொண்டிருந்தது. விசிறியைக் கழற்றினால் நன்றாகத் துடைக்கலாம். திருகுகள் சமர்த்தாக வந்தன. விசிறி மட்டும் வரவில்லை.

அவருடைய தொழிலில், வராத பொருள் என்று ஒன்று கிடையாது; சரியாக இழுக்கப்படாத பொருள்தான் உண்டு. துருப்பிடித்த பிரேக்கை விடுவிக்கிற மாதிரி, இரண்டு கையாலும் பிடித்து, மூச்சைக் கட்டி, நேராக மேலே ஓர் இழுப்பு.

'டப்.'

லிஃப்ட்காரர்கள் கனவில்கூடக் கேட்க விரும்பாத சத்தம் அது. விசிறி கையோடு வந்தது. அதன் அடியில், சூட்டைக் கடத்த நடுவில் தடவுகிற பேஸ்ட் காய்ந்துபோய், அதில் சூயிங்கம் மாதிரி ஒட்டிக்கொண்டு, பொன் நிற ஊசிக்கால்கள் அத்தனையும் மேலே தெரிய, கம்ப்யூட்டரின் மூளையான புரொசஸரும் வந்திருந்தது. முதலில் கொஞ்சம் சூடாக்கி, மெதுவாகத் திருகித் திருகி எடுத்திருக்க வேண்டுமாம். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. ஒரு மூலையில் ஊசிக்கால்கள், யாரோ மிதித்துப் போன புல் மாதிரி சாய்ந்து கிடந்தன.

"சுத்தமாத்தான் இருக்கு," என்று தன்னிடமே சொல்லிக்கொண்டார். காலி வீட்டில் அந்த ஜோக்கும் எடுபடவில்லை.

*

அந்தக் கம்ப்யூட்டரின் கதையைச் சொல்லிவிட வேண்டும். அது அவருடைய மச்சான், அதாவது மனைவியின் தம்பி, ஒவ்வொரு பாகமாக வாங்கிக் கோத்தது. ராத்திரி பகல் பாராமல் விளையாடுவதற்காகவே செய்த மெஷின். தூரதேசத்தில் வேலை கிடைத்துப் போகும்போது, "அக்கா, இதை மட்டும் வித்துடாத," என்று அழாத குறையாகச் சொல்லி விட்டுப் போனான். கொஞ்ச காலம் அதன்மேல் இஸ்திரி போட வேண்டிய துணிதான் இருந்தது. அப்புறம் கரண்ட் பில் கட்ட உட்கார்ந்தவள், தம்பி விட்டுப் போயிருந்த ஒரு விளையாட்டைத் திறந்து பார்த்தாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான்.

சுடுவது, வெட்டுவது எதுவும் அதில் இல்லை. ஊர் கட்டுகிற விளையாட்டு. வெறும் நிலம் கொடுப்பார்கள். ரோடு போட வேண்டும், தண்ணீர்க் குழாய் பதிக்க வேண்டும், விளக்கு, பள்ளிக்கூடம், குப்பை வண்டி. சரியாகச் செய்தால் ஜனங்கள் குடிவருவார்கள். தப்பாகச் செய்தால் தலைக்கு மேலே ஒரு சிவப்புக் குறியோடு நிற்பார்கள். அவளுடைய ஊரில் சிவப்புக் குறியைப் பார்ப்பதே அபூர்வம். வந்த ஜனம் போகவில்லை. ஊர் பெருகப் பெருக மெஷின் திணறியது. இப்போதெல்லாம் அவள் ஊரில் பஸ், விக்கல் வந்த மாதிரி நின்று நின்று போகும். நடக்கிறவர்கள் ஒரு காலைத் தூக்கியபடியே யோசித்து நிற்பார்கள்.

அவளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் விசாரணை ஜன்னலில் வேலை. அங்கே அவளுக்குப் பெயரே என்கொயரி மேடம்தான். எக்ஸ்ரே எங்கே, கழிவறை எங்கே, பெரிய டாக்டர் எப்போது வருவார், சின்ன டாக்டர் ஏன் வரவில்லை, பொம்பளை வார்டுக்குள் ஆம்பளை போகலாமா, வலிக்குமா, பிழைத்துவிடுவாரா. காலையிலிருந்து சாயங்காலம் வரை வட்டமாக ஓட்டை போட்ட ஒரு கண்ணாடி வழியாகக் கேள்விகள் விழுந்துகொண்டே இருக்கும். பாதிக்குத்தான் பதில் சொல்லலாம். மீதிக்கு அவள் வாயில் தேய்ந்துபோன மூன்று நாலு வாக்கியங்கள் உண்டு. 'டாக்டர் வந்து சொல்லுவாங்க.' 'கொஞ்சம் உக்காருங்க.' 'பாக்கலாம்.' அந்த வாக்கியங்களைச் சீருடையோடு கழற்றி மாட்டிவிட்டு வர முடியவில்லை. அவை அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டன.

லிஃப்ட்காரருக்கோ நேர் எதிரான தொழில் நோய். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் பேச்சை நிறுத்தவே கூடாது. வெளியே ஒரு குரல் கேட்கிற வரைக்கும் உள்ளே இருப்பவருக்குத் தைரியம் இருக்கும். அதனால் கதவிடுக்கில் வாயை வைத்து, சாப்பிட்டீங்களா, எந்த ஊரு, மாடியில யார் இருக்காங்க, கயிறு அறாது, அறுந்தா முதல்ல என் வேலைதான் அறும் என்று தொணதொணத்துக்கொண்டே இருப்பார். அதில் அவர் கெட்டிக்காரர். 'அவர் பேச்சுக்குப் பயந்தே லிஃப்ட் கிளம்பிடும்' என்று கூட்டாளிகள் சொல்வார்கள். அதே வாயோடுதான் வீட்டுக்கும் வருவார். நாளெல்லாம் கேட்கப்பட்டவள் ஒரு பக்கம், நாளெல்லாம் கேட்டவர் ஒரு பக்கம். இடையில் இரண்டு கப் டீ.

அவள் வந்ததும் முகம் கழுவுவாள். டீயை எடுத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்காருவாள். ஹெட்போனை மாட்டுவாள். அதற்குப் பிறகு அவள் அந்த ஊர்க்காரி.

ஒருநாள் அவள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தவர் ஒன்றைக் கவனித்தார். ஏரி, பூங்கா, மார்க்கெட், எல்லாம் இருந்தது. ஆனால் மொத்த ஊரிலும் ஒரு மாடி வீடு கிடையாது. எல்லாமே தரையோடு தரையாக ஓட்டு வீடுகள்.

"ஏம்மா, ஒரு மாடிகூட இல்லையே. இந்த ஊர்ல லிஃப்ட்காரன் சோத்துக்கு என்ன பண்ணுவான்?"

அவள் சிரித்தாள். ஏரிக்கு இன்னொரு ரோடு போட்டாள். அப்புறமும் அவர் அதையே பலமுறை கேட்டார், ஜோக்காகத்தான் கேட்டார். ஆனால் சட்டைக்குள் விழுந்த இரும்புத்தூள் மாதிரி அது எங்கேயோ குத்திக்கொண்டே இருந்தது. அவ்வளவு பெரிய ஊர். அதில் தனக்கு ஒரு வேலை இல்லை.

*

அன்றைக்கு அவள் வந்தபோது மழை தொடங்கியிருந்தது. குடையை மடக்கி மூலையில் வைத்தாள். தரையில் கிடந்த தகடு, திருகுகள், தூசி படிந்த துணி, அதற்கு நடுவே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த புருஷன், எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்தாள்.

"என்னாச்சு?"

"ஆபரேஷன் வெற்றி. பேஷன்ட் மட்டும் கொஞ்சம்..."

விசிறியிலிருந்து ஒருவழியாகப் பிரித்து அவர் கையில் வைத்திருந்த புரொசஸரை அவள் குனிந்து வாங்கினாள். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"இழுத்துட்டீங்களா?"

"வரல. அதான் இழுத்தேன்."

"ம்."

"திட்டேன். திட்டினா எனக்கும் சாப்பாடு இறங்கும்."

"திட்டினா ஒட்டிக்குமா?" அதை மெல்லிய துணியில் சுற்றி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். "டீ போடட்டுமா?"

"ஏம்மா, புதுசு போட்டுடலாமா? இதைவிடப் பெரிய புரொசஸரா? உன் ஊரும் விக்காம ஓடும் இல்ல?"

"பாக்கலாம்."

"வேணுமா வேண்டாமா, அதைச் சொல்லு."

"உங்க இஷ்டம்."

"மெஷின் உன்னுது. இஷ்டம் எப்படி என்னுதாகும்?"

அவள் பதில் சொல்வதற்குள் அவருடைய போன் அடித்தது. ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. மழைக்காலத்தில் லிஃப்ட்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் தண்ணீர் இறங்கினால் அப்படித்தான். அவர் கொக்கியிலிருந்த வேலைச் சட்டையை இழுத்து மாட்டிக்கொண்டார். விடுமுறை நாளில்கூட அந்தச் சட்டை கொக்கியில்தான் இருக்கும், அலமாரிக்குள் போனதே இல்லை. அடுப்பில் டீ பொங்கிக்கொண்டிருந்தது. ஒரு கப்பைத் திரும்ப அலமாரியில் வைக்கிற சத்தம் வாசல் வரை கேட்டது.

மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, அவள் வழக்கம்போல் முகம் கழுவி, டீயோடு, அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எதிரே கறுத்த திரை. காதில் ஹெட்போன்.

"மேடம், படம் ஓடலையே?"

ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினாள். "தெரியும்."

"பாட்டு?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப எதுக்கு அதைக் காதுல..."

அவள் ஹெட்போனைப் பழையபடி நகர்த்திக்கொண்டாள். அவர் கைகால் கழுவப் போனார். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். அணைந்த திரையின் முன்னால்கூட ஒருத்தி உட்கார முடிகிறது என்றால், அவள் அந்த ஊருக்குப் போவதற்காக உட்காரவில்லை. இந்த வீட்டிலிருந்து போவதற்காக உட்காருகிறாள். இந்த வீட்டில் அவரை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

*

மச்சானுக்குப் போன் போட்டார்.

"ஐயோ மாமா, நேரா இழுத்தீங்களா? அதைத் திருகித்தான் எடுக்கணும்!"

"அது இப்ப தெரியுது மாப்ள. புதுசு போட்டா என்ன?"

"அந்த போர்டுல அதைவிட வேகமான புரொசஸரும் உக்காரும். போடலாம். ஆனா போடறதுன்னா கார்டும் பழசு, பவர் சப்ளையும் பழசு. மொத்தமா மாத்தறதுதான் புத்திசாலித்தனம். மாத்தாட்டியும் தப்பில்ல."

"மாப்ள, போடலாமா கூடாதா?"

"அக்காவைக் கேட்டீங்களா?"

"கேட்டேன். உங்க இஷ்டம்னா."

"மாமா, அவ சின்ன வயசுலருந்தே அப்படித்தான். உங்க இஷ்டம்னு சொல்லிட்டாளா, அப்ப வேற ஏதோ இருக்குன்னு அர்த்தம். என்னன்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க. எங்க வீட்டுல யாருமே கண்டுபிடிச்சதில்ல."

கடைக்காரர் இன்னும் மோசம். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஓர் ஒடுக்கமான கடை. தரையிலிருந்து கூரை வரை செத்துப்போன கம்ப்யூட்டர்கள். நெற்றியில் பூதக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு கடைக்காரர் துணியைப் பிரித்துப் பார்த்தார். உச்சுக்கொட்டினார்.

"யார் இழுத்தது?"

"ஒரு முட்டாள்."

"சொந்தக்காரரா?"

"ரொம்ப நெருக்கம்."

"இதை நிமித்தலாம். நிமித்தும்போது உடைஞ்சும் போகலாம். நான் கை வெச்சு உடைஞ்சா என் பேரு கெடும். நீங்களே வீட்டுல நிமித்திப் பாருங்க, ஊசியால. வரலைன்னா வாங்க, புதுசு போடலாம்."

"புதுசு போட்டா நல்லா ஓடுமா?"

"என்ன விளையாடுவீங்க?"

"நான் இல்ல, வீட்டுல அவங்க. ஊர் கட்டறது."

கடைக்காரர் முகத்தில் முதல்முறையாக ஒரு மரியாதை வந்தது. "அதுக்குத்தாங்க புரொசஸரே. சண்டை விளையாட்டுன்னா படம் காட்டற கார்டு உழைக்கும். ஊர் கட்டறதுன்னா அப்படி இல்ல. ஒவ்வொருத்தனும் எங்க கிளம்பினான், எந்த பஸ் ஏறினான், வீட்டுல தண்ணி வருதா, இவ்வளவையும் இதுகிட்டதான் கேப்பாங்க. ஜனம் சேரச் சேர இதால பதில் சொல்லி மாளாது. சூடாயிடும்."

லிஃப்ட்காரர் கடைக்காரரின் உள்ளங்கையில் இருந்த அந்தச் சதுரத் துண்டைப் பார்த்தார். வட்டமாக ஓட்டை போட்ட கண்ணாடி ஒன்று அவர் கண்ணுக்கு முன்னால் வந்து போனது.

"அப்ப மாத்தறதுதான் நல்லதுங்கறீங்க."

"நான் அப்படிச் சொல்லலையே."

"வேண்டாங்கறீங்களா?"

"அப்படியும் சொல்லல. மாத்தினா ஓடும். மாத்தாட்டியும் ஓடும், கொஞ்சம் திணறும். உங்க சௌகரியம்."

உலகத்தில் உள்ள அத்தனை பேரும் ஒரே ஜன்னலில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் மாதிரி பேசினால் மனுஷன் எங்கே போவான்? சின்ன பேஸ்ட் டியூப் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு மழையில் இறங்கினார்.

மாற்றுவதா வேண்டாமா என்பது கேள்வியே இல்லை என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. புதுசைப் போட்டால் ஊர் வழுக்கிக்கொண்டு ஓடும். அவள் இன்னும் தூரமாகப் போய்விடுவாள். போடாவிட்டால் அணைந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பாள். இதில் எது தேவலை என்று எந்த மச்சான் சொல்லுவான், எந்தக் கடைக்காரன் சொல்லுவான்? கொஞ்ச தூரம் நடந்ததும் இன்னொன்றும் தோன்றியது. அன்றைக்கு அவ்வளவு பலமாக இழுத்தது தூசிக்காகத்தானா? இதை ஜோக்காக மாற்ற ஆனமட்டும் முயன்றார். மாறவில்லை.

*

மழை விடவில்லை. அடுத்து வந்த நாட்களில் ஊரில் பாதி லிஃப்ட் நின்றது. பள்ளங்களில் தண்ணீர் இறைத்து, ஈரமான ஒயர்களைத் துடைத்து, நனைந்த சட்டையிலேயே பிரட்டும் டீயும் சாப்பிட்டு, அடுத்த கட்டடத்துக்கு ஓடினார். முட்டிக்குக் கீழே கால் ஊறி வெளுத்துப்போயிருந்தது.

ஒரு பழைய குடியிருப்பில் இரண்டு மாடிக்கு நடுவே ஒரு பெண்மணி மாட்டிக்கொண்டிருந்தாள். கூட்டாளி மெஷின் ரூமில் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார். பழைய சக்கரம், லேசில் அசையாது. லிஃப்ட்காரர் கீழே கதவிடுக்கில் டார்ச்சைக் காட்டியபடி தன் கச்சேரியைத் தொடங்கினார்.

"பயப்படாதீங்கம்மா, காத்து வரும். சாப்பிட்டீங்களா? எந்த மாடி உங்க வீடு? இந்த லிஃப்ட்டுக்கு வயசாயிடுச்சு, நடுவுல ஒரு மூச்சு வாங்குது, அவ்வளவுதான். கையில என்ன, காய்கறியா? வெங்காயம் இருக்கா? வெங்காயம் இருந்தா லிஃப்ட் கயிறு அறாதும்பாங்க..."

"ஐயா." உள்ளேயிருந்து குரல் மெலிசாக வந்தது. "கொஞ்சம் பேசாம இருக்கீங்களா?"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி யாரும் கேட்டதில்லை. "பயமா இல்லையாம்மா?"

"பயமாத்தான் இருக்கு. நீங்க கேக்கக் கேக்க பதில் சொல்லணும்னு தோணுது. மூச்சு முட்டுது."

"சரிம்மா. சரி. நான் அந்தப் பக்கமா நிக்கறேன்."

"போயிடாதீங்க!" குரல் சட்டென்று ஏறியது. "இருங்க. இங்கயே இருங்க. பேச மட்டும் வேண்டாம்."

அவர் ஈரப் படிக்கட்டில் உட்கார்ந்தார். டார்ச் வெளிச்சத்தைக் கதவிடுக்கிலேயே வைத்தார். வாயை மூடினார். அது அவ்வளவு கஷ்டமான வேலை என்று அவருக்கு அதுவரை தெரியாது. மூடிய வாய்க்குள் ஜோக்குகள் வரிசையில் நின்று முண்டின. மேலே சக்கரம் கிறீச்சிட்டது. வெளியே மழை. உள்ளே, கொஞ்சம் கொஞ்சமாக, அவளுடைய மூச்சு இறங்கி நிதானமானது அவருக்குக் கேட்டது. பேசிக்கொண்டிருந்தபோது ஒருநாளும் கேட்டிராத சத்தம் அது.

கதவு திறந்ததும் அந்தப் பெண்மணி பையை நெஞ்சோடு அணைத்தபடி வெளியே வந்தாள். "ரொம்ப நன்றிங்க," என்றாள். தான் ஒன்றுமே செய்யவில்லையே என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் விட்டார்.

*

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் வெள்ளைத் துண்டு. துண்டின்மேல் அந்தப் புரொசஸர். கையில் மெல்லிய தையல் ஊசி. சாய்ந்து கிடந்த ஒரு காலின் அடியில் ஊசி முனையைக் கொடுத்து, மூச்சை அடக்கி, ஒரு மயிரளவு நிமிர்த்தினாள். தன் பழைய ஆஸ்பத்திரி அடையாள அட்டையை இரண்டு வரிசைக்கு நடுவே செருகிப் பார்த்தாள். தட்டியது. மறுபடி ஊசி.

அவர் வாசலிலேயே நின்றார். மூன்று ஜோக்குகள் வந்தன. அதில் ஒன்று நிஜமாகவே நன்றாக இருந்தது. மூன்றையும் விழுங்கினார். ஈரச் சட்டையைக் கழற்றினார். கொக்கிக்குப் போன கை நின்றது. துவைக்கிற கூடையில் போட்டார். போனை அணைத்து அலமாரியில் வைத்தார். பிறகு வந்து அவள் எதிரே தரையில் உட்கார்ந்து, டார்ச்சைப் போட்டு, அவள் விரல் இருந்த இடத்தில் வெளிச்சத்தைப் பிடித்தார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தது தெரிந்தது. அவர் சொல்லவில்லை. அவள் மறுபடி குனிந்தாள்.

ஒரு கால் நிமிர்ந்தது. இன்னொன்று. கை வலிக்கும்போது விரலை உதறிக்கொண்டாள். ஒரு தடவை ஊசி வழுக்கியபோது இருவரும் ஒரே நேரத்தில் "ஸ்" என்றார்கள். அவர் டார்ச்சைக் கை மாற்றினார். ஜன்னலுக்கு வெளியே மழை லேசாகியிருந்தது. கடைசிக்கு முந்தின வரிசையில் இருந்தபோது, அவள் தலையைத் தூக்காமலே பேசினாள்.

"இன்னைக்கு ஒருத்தர் வந்தார். வயசானவர். அவர் பொண்டாட்டியை நேத்து சேர்த்திருந்தாங்க. எப்படி இருக்கான்னு கேட்டார்."

அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"எனக்கு மேல வார்டுலயிருந்து முன்னாடியே போன் வந்துடுச்சு. போயிட்டாங்கன்னு. நான் சொல்லக்கூடாது. டாக்டர்தான் சொல்லணும். 'டாக்டர் வருவாங்க, கொஞ்சம் உக்காருங்க'ன்னேன். உக்காந்தார். கையில பழைய ஸ்வெட்டர் ஒண்ணு வெச்சிருந்தார். அவங்களுக்குக் குளிருமாம். போகும்போது எனக்கு நன்றி சொல்லிட்டுப் போனாருங்க."

ஊசி துண்டின்மேல் நின்றது.

"தெரிஞ்சதைச் சொல்லாம இருந்து இருந்து, வீட்டுக்கு வந்தா எதுக்குமே வாய் வரமாட்டேங்குது. நீங்க டீ வேணுமான்னு கேட்டாக்கூட ஜன்னல்லயே உக்காந்திருக்கற மாதிரி இருக்கு. உங்க மேல கோவம் இல்ல. நீங்க ஆசையாத்தான் கேக்கறீங்க, தெரியுது. கேக்கறதுதான் தாங்கல."

அவர் டார்ச்சை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனார். "ம்," என்றார்.

அட்டை கடைசி வரிசையில் தட்டாமல் ஓடியது. இருவரும் எழுந்து போய்ப் பெட்டிக்கு முன்னால் மண்டியிட்டார்கள். அவள் புரொசஸரை அதன் இடத்தில் வைத்தாள். அழுத்தவே இல்லை, அது தானாக உட்கார்ந்தது. அவர் பேஸ்ட்டைப் பிதுக்கினார். "போதும்," என்றாள் அவள். "பல்லு விளக்கவா போறோம்?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டில் ஜோக் அடிக்க இன்னொரு ஆள் இருப்பதையே அவர் மறந்துபோயிருந்தார்.

அவர் விசிறியைப் பழையபடி திருகி மாட்டினார். பொத்தானை அவள் அழுத்தினாள். விசிறி சுழன்றது. திரை கறுப்பாகவே நின்றது, நின்றது, பிறகு வெளுத்தது. அவர் ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். ஹெட்போன் மேஜையில் கிடந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

ஊர் வந்தது. மெதுவாக, விக்கி விக்கி. முதலில் ஏரி, அப்புறம் ரோடு, அப்புறம் ஓட்டு வீடுகள். ஒரு பஸ் பாதி திரும்பி நின்று, யோசித்து, மீதியும் திரும்பியது. யாரோ ஒருவர் காலைத் தூக்கியபடி நின்றார். அந்த ஆள் காலைக் கீழே வைக்கும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"கேளுங்க," என்றாள்.

"என்னத்தை?"

"வாய்க்குள்ள ஏதோ வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களே. ஒண்ணே ஒண்ணு கேளுங்க. பதில் சொல்றேன்."

ஒன்றுதான் என்றால் எதைக் கேட்பது? என்னைப் பிடிக்கவில்லையா என்று கேட்கலாம். என்னிடமிருந்து ஓடுகிறாயா என்று கேட்கலாம். அவர் வாயிலிருந்து, பழக்க தோஷம், பழைய ஜோக்தான் வந்தது. ஆனால் இந்த முறை அதில் சிரிப்பு இல்லை.

"இவ்வளவு பெரிய ஊர்ல லிஃப்ட்காரனுக்கு வேலையே இல்லையே. ஏன்?"

அவள் மவுஸை நகர்த்தினாள். ஊர் திணறித் திணறி நகர்ந்து, ஏரிக்கரையில் ஒரு சின்ன வீட்டின்மேல் நின்றது. வாசலில் ஒரு மரம்.

"இது நம்ம வீடு."

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"லிஃப்ட் இருந்தா கெட்டுப்போகும். கெட்டுப்போனா போன் வரும். சட்டையை மாட்டிக்கிட்டு நீங்க கிளம்பிடுவீங்க. போட்ட டீ ஆறிப்போகும். இந்த ஊர்லயாவது நீங்க வீட்டுல இருக்கணும்னுதான் நான் ஒரு மாடிகூடக் கட்டல."

திரையில் பஸ் மறுபடி விக்கி நின்றது. விசிறி பெருமூச்சு விட்டது. ஒரு கேள்விதான் என்ற ஒப்பந்தத்தை மீறுகிறோம் என்று தெரிந்தே, அவர் இன்னொன்றும் கேட்டார்.

"அப்ப புரொசஸர்? மாத்தலாமா, வேண்டாமா?"

"வேண்டாம்," என்றாள் அவள். "இதுக்கு மேல ஊர் பெருசாச்சுன்னா மாடி கட்டவேண்டி வரும்."